என் மூன்றாவது கிட்னி எந்தக் கூட்டம்?

என் வயிற்றுக்குள் மூன்று கிட்னிகள் இருக்கின்றன. கெட்டுப்போன இரண்டையும் டாக்டர்கள் எடுக்கவில்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, மனைவி கொடுத்ததை வலது அடிவயிற்றில் வைத்துத் தைத்தார்கள். இதை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கக் கூடாது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் குலதெய்வக் கோயில். கூட்டம் என்றால் எங்கள் சாதிக்குள் இருக்கும் குலப்பிரிவு. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் அண்ணன் தம்பி முறை, அதாவது பங்காளிகள். பெண் எடுப்பது வேறு கூட்டத்தில். வருடப் பொங்கலுக்குப் பங்காளிகள் ஆளுக்கொரு பானை வைப்பார்கள். கூட்டத்தில் பிறந்த ஆண்தான் அடுப்பை மூட்ட வேண்டும். டயாலிசிஸில் கிடந்த இரண்டு வருடமும் என் பானைக்கான மூன்று கல் காலியாகவே இருந்தது. பிழைத்து வந்து அங்கே பானை வைக்க வேண்டும் என்று வேண்டியிருந்தேன். இந்த வருடம் தீப்பெட்டியை எடுத்தபோது பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

“பொறு சாமி. உன்ற ஒடம்புல இப்ப ரெண்டு கூட்டம் இருக்குது. அந்தக் கிட்னி உன்ற மாமனாரூட்டுக் கூட்டமாச்சே. வேத்துக் கூட்டம் இங்க பானை வெக்கலாமா?”

இன்னொரு பங்காளி அதற்கும் மேலே போனார். “அப்பிடிப் பாத்தா இவனும் இவன் பொண்டாட்டியும் ஒரே கூட்டம் ஆயிட்டாங்கல்ல? அண்ணன் தங்கச்சி முறையாகுமே!” கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் கழித்து இப்படி ஒரு சிக்கல். மூன்றாமவர் எனக்காக வாதாடினார்: “பழைய ரெண்டும் உள்ளதான இருக்குது? ரெண்டு நம்மளுது, ஒண்ணு அவியளுது. நம்ம பக்கந்தான் மெஜாரிட்டி.”

அப்போது என் போன் அலறியது. மாத்திரை நேரம். அது தவறினால் உடம்பே புதுக் கிட்னியை அந்நியம் என்று எதிர்த்துக் கிளம்பிவிடும். உடம்பைச் சமாதானப்படுத்த மாத்திரை இருக்கிறது, பங்காளிகளுக்கு எங்கே போவது?

மாத்திரையும் தண்ணீருமாக வந்த மனைவி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுப் பெரியப்பாவிடம் திரும்பினாள்.

“ஏனுங்க மாமா, இருவத்திரண்டு வருசமா இந்தக் கோயில்ல நாந்தானுங்க அரிசி கழுவிப் போடறேன். என்னைய முழுசா உங்க ஊட்டு ஆளுன்னீங்க. கிட்னி மட்டும் எங்கப்பனூட்டுதுங்களா? அதுமில்லாம, மூணுல வேலை செய்யறது எதுங்க?”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். “செரி. அப்ப அதுவும் வாக்கப்பட்டு வந்த மருமகதான். முறையா அழைச்சுக்கோணும்.”

ஆரத்தித் தட்டு வந்தது. முகக்கவசத்தோடு நான் கிழக்கே பார்த்து நிற்க, என் வலது அடிவயிற்றுக்கு மூன்று சுற்றுச் சுற்றினார்கள். பெரியம்மா சட்டைமேலேயே குங்குமமும் வைத்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மனைவியும் சிரித்தாள். சிரிக்கும்போது அவள் கை இடது விலாவைப் பிடித்துக்கொண்டது. அங்கே இன்னும் வலிக்கிறது என்று அவள் என்னிடம் சொன்னதே இல்லை. கிட்னிக்கு ஆரத்தி எடுத்த ஒருவரும் அது கிளம்பி வந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

தட்டை வாங்கி, அத்தனை பேர் முன்னால் குனிந்து, அவள் இடது விலாவுக்குச் சுற்றினேன். பங்காளிகள் வாயைப் பிளந்தார்கள்.

“போதுமுங்க,” என்றாள். “அடுப்ப மூட்டுங்க, நேரமாகுது.”

தீப்பெட்டியை அவள் கையில் கொடுத்தேன்.