முட்டத்தில் எத்தனை ஏர்?

இண்டர்மீடியட் படித்த இரண்டு வருஷமும் நான் பார்க்காத பொருள்களைப் பற்றித்தான் எழுதினேன். முதல் மாதமே ஆங்கிலப் பேராசிரியர் 'ரயில் பயணம்' என்று ஒரு கட்டுரை கொடுத்தார். எங்கள் நாஞ்சில் நாட்டில் தண்டவாளமே கிடையாது. ரயிலைப் பார்க்கத் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ் ஏற வேண்டும். நான் இரண்டுக்கும் போனதில்லை. புகை, விசில், ஜன்னலுக்கு வெளியே பின்னால் ஓடும் மரங்கள், எதிர்ப்பலகையில் தூங்கி வழியும் கிழவர் என்று நாலு பக்கம் நிரப்பினேன். 'நேரில் கண்டு எழுதியது தெரிகிறது' என்று சிவப்பு மையில் குறிப்பு வந்தது.

விடுதியில் என் அறையில் இருந்தவன் பூதப்பாண்டிப் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. சென்னை வரைக்கும் ரயிலில் போய் வந்தவன். ஏறியதும் தூங்கிவிட்டதாகவும், எழும்பூரில்தான் யாரோ எழுப்பியதாகவும் உள்ளதை எழுதினான். அவனைத் தோற்கடித்துவிட்டார்கள்.

தர்க்கப் பாடத்தில் அன்னப்பறவைகள் எல்லாம் வெள்ளை என்று நிரூபித்தோம். எங்கள் குளங்களில் நாரைதான் உண்டு. சரித்திரத்தில் பிரெஞ்சுப் புரட்சி ஏன் வந்தது என்பதற்கு ஏழு காரணம் எழுத வேண்டும். ஆறு எழுதினால் ஒரு மார்க் குறையும். இதெல்லாம் பழகிப்போயிருந்தது.

இரண்டாம் வருஷம் சரித்திரப் பேராசிரியருக்குப் பொருளாதாரத்தில் ஆசை பிறந்தது. அவர் தஞ்சாவூர்க்காரர். அப்போது சென்னையில் கிராமங்களை ஆராய்ச்சி செய்வது பேஷனாகியிருந்தது. இரண்டிரண்டு பேராகப் போய் ஒவ்வொரு ஊரை ஆராய்ந்து வரவேண்டும் என்று அச்சடித்த கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தார். ஏர் எத்தனை, உழவுமாடு எத்தனை, குளத்துப் பாசனமா கிணற்றுப் பாசனமா, என்ன எரு போடுகிறார்கள். எல்லாம் இப்படியே போயிற்று. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கும் என் அறைக் கூட்டாளிக்கும் முட்டம் விழுந்தது.

நெய்யூர்ப் பக்கத்தில் இருந்த என் வீட்டிலிருந்து ஒரு சனிக்கிழமை காலை நடந்தே போனோம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, மணலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள்தான் முதலில் கண்ணில் பட்டார். ஐம்பது வயதிருக்கும். நாங்கள் போட்டிருந்த கோட்டையும் கையிலிருந்த காகிதத்தையும் பார்த்து நிமிர்ந்தார்.

"ஆரு மக்கா நீங்க? சர்க்காரு ஆளா?"

"இல்ல, காலேஜில படிக்கோம்."

"படிக்கியன்னா அங்க இருந்து படிக்கதுக்கென்ன? இங்க எதுக்கு வந்திய?"

"ஊரப்பத்தி எழுதணும். உங்க வீட்ல ஏரு எத்தர இருக்கு?" என்று கேட்டேன்.

"என்னது?"

"ஏரு. உழுகதுக்கு."

அவர் கடலைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பக்கத்துக் குடிசையை நோக்கிக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வா. ரெண்டு பிள்ளைய கடல உழ வந்திருக்கு."

நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு கேள்வியெல்லாம் அவருடையதுதான்.

"ஒங்க வீட்ல எத்தர பேரு?"

"எட்டுப் பேரு."

"அப்பனுக்கு என்ன சோலி?"

"மிஷன் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு."

"அப்பம் வேதக்காரன்தானா? மாதாவ கும்பிடுவியளா?"

"இல்ல. நாங்க வேற சபை."

"மாதா இல்லாம என்ன வேதம்?" என்றவர், அதை அப்படியே விட்டுவிட்டு முக்கியமான விஷயத்துக்கு வந்தார். "மீனு என்னைக்கெல்லாம் வைப்பிய?"

"ஞாயிற்றுக்கிழமை."

"வாரத்துல ஒரு நாளா!"

கூட்டம் உச்சுக்கொட்டியது. எங்கள் வீட்டின் பொருளாதார நிலையைப் பற்றி அவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் வந்தன. என் கூட்டாளி வீட்டில் சைவம். மூன்று தடவை வாங்கித் தின்றுவிட்டு, கிழங்கு மட்டும்தான் தின்றதாக ஊரில் சொல்லச் சொன்னான்.

சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு கடிதத்தாளை எடுத்து வந்தார். மகன் கொழும்புத் துறைமுகத்தில் வேலைக்குப் போனவன், ஈஸ்டருக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. "படிச்ச பிள்ளையல்லா, ஒரு கடிதாசு எழுதித் தா மக்கா."

கட்டுரைக்குச் சிவப்பு மையில் பாராட்டு வாங்கியவன் நான். 'அன்புள்ள குமாரனுக்கு, காலச் சக்கரத்தின் சுழற்சியில் தாயும் சேயும் பிரிந்திருக்கும் இவ்வேளையில்' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதி வாசித்துக் காட்டினேன்.

"நிறுத்து. சக்கரம் எங்கேருந்து வந்து? அவன் வண்டியா ஓட்டுகான்?"

"அது சும்மா, அழகுக்கு."

"இத நான் சொன்னேனா?"

"இல்ல."

"அப்பம் அடிச்சுப்போடு."

இரண்டாவது தடவை எழுதியதில் 'நிற்க' என்ற சொல்லைக் கேட்டு, "ஆரு நிக்கது?" என்றார். அதையும் அடித்தேன். கடைசியில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'நீ போனதுலேருந்து கட்டுமரம் கரையில கெடக்கு. ஒன் தங்கச்சிக்கு மாப்பிள்ள பாக்கோம். நீ வாறியா இல்லியா, அத மட்டும் எழுது. ஒனக்கு மேலுக்கு எப்பிடி இருக்கு?' மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கொள்ளாம், இப்பம் நல்லாருக்கு" என்றார். எனக்கு முகம் சுட்டது. எழுத்தறியாத ஒருவரிடம் இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை பாஸானதை விடுதியில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று வழியெல்லாம் கூட்டாளியைக் கெஞ்சினேன்.

அந்தக் கூச்சத்தில், ஆராய்ச்சியையும் உள்ளபடியே எழுதிக் கொடுத்தோம். ஏர் இல்லை, மாடு இல்லை, பாசனம் இல்லை, எரு இல்லை. கட்டுமரம், வலை பற்றித் தனியாக ஒரு தாள் வைத்தோம். பேராசிரியர் அந்தத் தாளைப் புரட்டவேயில்லை.

"ஏரே இல்லாத கிராமமா? நம்முடையது விவசாய தேசம் ஐயா. ஏரில்லாமல் என்ன சாப்பிடுகிறார்கள்?"

"மீன் சார்."

"அது உணவு. நான் கேட்பது தொழில். சரியாக விசாரித்து எழுதி வாருங்கள்."

அறைக்கு வந்ததும் கூட்டாளி சிரித்தான். "லேய், கட்டுமரத்தையெல்லாம் ஏருன்னு எழுது. ரெண்டும் மரத்துலதானே செய்யியாவ?"

அப்படியே எழுதினோம். கட்டுமரத்தில் துடுப்பு வலிப்பவர்களை உழவுமாடாக்கினோம். சாளையை முதல் போகமான கன்னிப்பூ விளைச்சல் என்றும் நெத்திலியை இரண்டாம் போகமான கும்பப்பூ விளைச்சல் என்றும் போட்டோம். பாசனம் என்ற இடத்தில் 'தண்ணீருக்குக் குறைவில்லை' என்று எழுதும்போதுதான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. வகுப்பிலேயே முதல் மார்க் எங்களுக்குத்தான். கல்தச்சர்கள் ஊரான மயிலாடிக்குப் போனவர்கள் 'முக்கிய விளைபொருள்: கல்' என்று எழுதி இரண்டாவதாக வந்தார்கள்.

வினை அத்தோடு முடியவில்லை. எங்கள் ஆராய்ச்சியைக் கல்லூரிச் சங்கக் கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார்கள். தலைமை வகித்தவர் ஒரு விவசாய அதிகாரி. கடலோர மணலில் இரண்டு போகம் விளைவதைக் கேட்டு அவர் மெய்மறந்துவிட்டார். அந்த உழைப்பாளிகளுக்குப் பல கொழு வைத்த புது மாதிரி இரும்புக் கலப்பை ஒன்றை இலவசமாக அனுப்பப்போவதாக மேடையிலேயே அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வேறென்ன செய்ய?

இரண்டு மாதம் கழித்து, சந்தைக்கு வந்த மீன்காரி ஒருத்தி விடுதி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள், கொழும்பிலிருந்து கடிதாசு வந்திருக்கிறது, வாசிக்க ஆள் வேண்டுமாம். போனேன். மகன் கிறிஸ்மஸுக்கு வருகிறான் என்று வாசித்ததும் அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு என்னைத் துறைக்குக் கூட்டிப்போனார். அலைக்கு அப்பால் ஒரு மீன்பிடி வள்ளம் நகராமல் நின்றது.

"ஒங்க சர்க்காரு தந்த நங்கூரமாக்கும் அது. கொக்கி கொக்கியா இரும்பு. ஒண்ணாந்தரம். இன்னும் ரெண்டு கிட்டுமா மக்கா?"

கலப்பை எப்படி வேலை செய்கிறது என்று விசாரித்து அதிகாரி ஊருக்கு அனுப்பிய கடிதமும் வாசிக்க ஆளில்லாமல் பிரிக்காமலே அவரிடம் இருந்தது. பிரித்து வாசித்து, பதிலை நானே எழுதினேன். 'ஆழமாக இறங்குகிறது. பிடிப்பு நன்றாக இருக்கிறது. ஊரார் இன்னும் இரண்டு கேட்கிறார்கள்.' வாசித்துக் காட்டினேன். அந்த அம்மாள் ஒரு சொல்லைக்கூட அடிக்கச் சொல்லவில்லை.