குப்புறப் படுத்தபடி பேசி முடித்த சம்பந்தம்

பேருந்து நிலையத்தில் அவருக்கு 'மைக்' என்றுதான் பெயர். இளமையில் பேருந்துக் கூரையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர், கால் வழுக்கிக் கீழே விழுந்தார். முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே அசைவும் போயிற்று, உணர்ச்சியும் போயிற்று. கணீரென்ற குரல் மட்டும் மிஞ்சியது. அறிவிப்பு அறையில் வேலை கொடுத்தார்கள். எந்த வண்டி எங்கே போகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று பொழுதெல்லாம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்ததே வினையாயிற்று. துவைக்க எடுத்த கால்சட்டையில் ஈரக் கறையைப் பார்த்தாள் மனைவி. நாற்றமும் அடித்தது. அவரைப் புரட்டிப் பார்த்தால், புட்டத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் குழி.

"ஏங்க, இது வலிக்கவே இல்லையா?"

"வலிச்சா ஊருக்கே மைக்குல சொல்லியிருப்பேனே!"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உட்கார்ற எலும்பு ஒரே இடத்துல அழுத்தி, ரத்த ஓட்டம் நின்னு, சதை அழுகிப்போச்சு. எலும்பே தெரியுது. ஆபரேஷன்தான்."

"உட்கார்ந்து தின்னா மலையும் கரையும்பாங்க. என் சதை எம்மாத்திரம்?" என்றார் மைக். அதற்கு டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார்.

அழுகியதை வெட்டி எடுத்து, துருத்திய எலும்பைச் செதுக்கி, தொடையின் பின்பக்கச் சதையை ரத்த ஓட்டம் அறாமல் திருப்பிக் குழியை மூடித் தைத்தார்கள். "என் வேலை முடிஞ்சுது. இனி உங்க வேலை. நான் சொல்ற வரைக்கும் உட்காரவே கூடாது. உட்கார்ந்தா தையல் விட்டுடும்" என்று எச்சரித்து அனுப்பினார் டாக்டரம்மா.

வீட்டுக் கட்டிலில் குப்புறக் கிடந்தார் மைக். சாப்பாடு, சவரம் எல்லாம் அப்படியே. அந்த நேரம் பார்த்துத்தான் மகளுக்கு வரன் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் பேச வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "கொஞ்ச நேரம் நாற்காலியில உட்காருங்களேன். வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"அவங்க நினைக்கிறதை நினைக்கட்டும். இன்னைக்கு உட்கார்ந்துட்டு, கல்யாணத்தன்னைக்கு ஆஸ்பத்திரியில கிடக்கச் சொல்றியா?"

மகளும், "அப்பா இருக்கிறபடியே இருக்கட்டும்மா" என்றாள்.

வந்தவர்கள் வாசலிலேயே தயங்கினார்கள். மைக் தலையணையில் மோவாயை ஊன்றித் தலையை நிமிர்த்தினார். "வாங்க, வாங்க! புண்ணுக்கு வைத்தியம் பார்த்திருக்கு, உட்காரக் கூடாது. மரியாதைக்குக் குறைச்சலா நினைச்சுக்காதீங்க."

மாப்பிள்ளையின் அப்பா, தமக்காகப் போட்டிருந்த நாற்காலியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். பிறகு நாற்காலியை ஒதுக்கிவிட்டு, மைக்கின் முகத்துக்கு நேராகத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். "இப்ப பேசலாம் சம்பந்தி."

அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. மைக் கையை நீட்டினார்.

புண் ஆறியது. டாக்டரம்மா சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக உட்காரப் பழகினார். ஒவ்வொரு முறையும் மனைவி தையலோரம் சிவந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மறுமுறை. கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், பாதியிலேயே தன்னைப் பெஞ்சில் கவிழ்த்துப் படுக்கவைக்கச் சொன்னார். கூட்டம் பார்க்கிறதே என்ற கூச்சம் அவருக்குத் துளியும் இல்லை.

இப்போது மறுபடியும் அறிவிப்பு அறையில் இருக்கிறார். நாற்காலியில் தடித்த மெத்தை. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே, கைப்பிடிகளை அழுத்தி உடம்பைத் தூக்கி, ரத்தம் ஓடும்வரை அந்தரத்தில் நிறுத்துகிறார். தோள்கள் நடுங்கும். ஒலிபெருக்கி ஏன் மௌனமாகிவிட்டதென்று பயணிகள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

இறங்கி உட்கார்ந்ததும் மூச்சை இழுத்துவிட்டு, அடுத்த வண்டியைச் சொல்வார்.