தாமு மெட்ராஸுக்குப் போன பாட்டு

எங்கள் தமயந்தி பெரியம்மாவுக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். கார்மென்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். தைத்து வரும் சட்டையில் நூல் பிசிறோ கோணல் பட்டனோ தெரிந்தால் அங்கே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகும் கண் அடங்காது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கோட்டைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலேயே எழுந்து போய் ஊசி கேட்டவர். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பார்த்தபோது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டிக்கர் பற்றாது என்று விட்டுவிட்டார் போல.

பெரியம்மா பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்து லைன் வீட்டில். மைன்ஸ் மூடியபிறகு மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூரு வந்து வேலை செய்து, இருட்டியதும் அதே ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தார். பாதி ஆயுசு ரயிலில் நின்றுகொண்டே போய்விடும் என்று தெரிந்ததும் ஜீவனஹள்ளியில் வாடகைக்கு மாடி வீடு பிடித்து, தன் அப்பாவையும் கூட்டிவந்துவிட்டார். அப்பா என்றால் எங்கள் இராஜமாணிக்கம் தாத்தா. கீழே நாங்கள்.

இவ்வளவு கறாரான பெரியம்மா ஒரு காலத்தில் மேடையில் பாடியவர் என்றால் கார்மென்ட்ஸில் யாரும் நம்பமாட்டார்கள். பொங்கல் முடிந்த சனிக்கிழமை தங்கவயலில் 'சுரங்கத்து மாப்பிள்ளை' என்று ஒரு நாடகம் போடுவார்களாம். பேச்சைவிடப் பாட்டு அதிகம். செல்வமும் தாமுவும் சிநேகிதர்கள், ஒன்றாகச் சுரங்கத்தில் இறங்குகிறவர்கள். பாதி நாடகத்தில் பாறை சரிந்து தாமு செத்துப்போகிறான். மீதி நாடகத்தில் செல்வம் தாமுவின் தங்கையைக் கட்டிக்கொள்கிறான். அவ்வளவுதான் கதை. இதற்குப் பதினாறு பாட்டு.

இந்த நாடகத்தைத்தான் பிரபா அண்ணன் நாற்பது நிமிடப் படமாக எடுக்கக் கிளம்பினார். கல்யாண வீடியோ எடுக்கிறவர். எங்கள் பக்கத்துத் தெரு கிருஷ்ணம்மாள் அத்தையின் மகன். ஊர்க்காரர்களை எல்லாம் கூட்டி சர்ச் ஹாலில் படத்தைக் காட்டுவது திட்டம். நாற்பது நிமிடத்தில் ஐந்து பாட்டுக்குமேல் அடங்காது என்றார். எந்த ஐந்து என்று கேட்டதும் எல்லோரும் பெரியம்மாவைக் கைகாட்டினார்கள். ரிஜெக்ட் செய்து பழகிய கை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடியில் கூட்டம் நடந்தது. பழைய நடிகர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பஞ்சாயத்துக்கு வருவதுபோல இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அதில் கிளெமென்ட் மாமா முக்கியமானவர். நாடகத்தில் அவர்தான் செல்வம். இப்போது ஆட்டோ ஓட்டுகிறார், தலைக்கு மை அடிக்கிறார், மாப்பிள்ளை வேஷத்தை மட்டும் விட மனசில்லாமல் தன் மகன் டேரிலுக்குக் கொடுத்திருந்தார். அதுவும் ஒரு நிபந்தனையோடு: டேரில் வாயசைக்க வேண்டும், குரல் அப்பாவுடையதாக இருக்க வேண்டும்.

"தங்கச்சி, மாப்பிள்ள பாட்ட மட்டும் தொடாத. எட்டு சரணம். ஒண்ணு போனாலும் மாப்பிள்ள நொண்டிடுவான்" என்றார்.

கிருஷ்ணம்மாள் அத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "அந்த எட்டு சரணம் எதுக்குன்னு சொல்லட்டா? பொண்ணு வேஷம் போட்ட கோவிந்தப்பாவுக்குப் புடவ கட்டத் தெரியாது. அவர் கட்டி முடிக்கற வரைக்கும் நீ பாடணும். ஒரு வருஷம் பின்னு கெடைக்கலன்னு பன்னண்டு சரணம் பாடின."

"கலைமா அது."

"இன்னா கலை. புடவ."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நாடகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மறைவாக ஒரு வேலை இருந்தது. பெட்ரோமாக்ஸ் மங்கினால் காற்றடிக்கும்வரை பாட ஒரு பாட்டு. குழந்தைகள் அழுதால் பாட ஒரு கோமாளிப் பாட்டு. பெரிய மனிதர் யாராவது வந்து மாலை போட்டால், அதை வாங்கிக்கொண்டே பாட ஒன்று. படத்தில் பெட்ரோமாக்ஸும் இல்லை, மாலையும் இல்லை. பெரியம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். ஆளுக்காள் முகம் தொங்கியது. கிளெமென்ட் மாமாவின் பாட்டு மட்டும், எட்டு நாலாகச் சுருங்கி, எப்படியோ தப்பித்தது.

கடைசியில் ஓரிடம் பாக்கி. மிஞ்சி நின்றது பெரியம்மாவின் பாட்டு.

ஷிப்ட் பாட்டு என்று அதற்குப் பெயர். நாடகம் பாதி போய்க்கொண்டிருக்கும்போது சங்கு ஊதும். செகண்ட் ஷிப்ட் முடிந்து ஆட்கள் மேலே வருவார்கள். மைதானத்தில் இடதுபக்கம் அவர்களுக்கென்று சாக்கு விரித்து வைத்திருப்பார்கள். தலையில் ஹெல்மெட், கையில் காலி டிபன் தூக்கு. அவர்கள் வந்தால் நாடகம் அப்படியே நிற்கும். ஒரு பெண் மேடை நடுவில் வந்து, அதுவரை நடந்த கதையை அவர்களுக்காகப் பாட்டாகச் சொல்வாள்.

*வந்தீங்களா அண்ணே, குந்துங்க அண்ணே,*
*விட்டுப்போன கதைய நான் விட்டுடாம சொல்றேனே.*

பெரியம்மாவுக்குப் பதினைந்து வயதானதிலிருந்து மைன்ஸ் மூடும்வரை அவர்தான் அந்தப் பெண். சாக்கில் உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருவர் தாத்தா. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் தாத்தாவுக்கு செகண்ட் ஷிப்ட்தான் வாய்த்தது. முதல் பாதியை அவர் பார்த்ததே கிடையாது. மகள் பாடித்தான் அவருக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பாட்டில் ஒரு விஷயம் உண்டு. விட்டுடாம சொல்றேன் என்று ஆரம்பித்துவிட்டு ஒன்றை விட்டுவிடும். தாமு செத்ததைச் சொல்லாது.

*தாமு மட்டும் காணலியே, தந்தி வந்து சேர்ந்ததுங்க,*
*மெட்ராஸு வேலைக்குத்தான் ரயிலேறிப் போயிட்டான்.*

இப்போதுதான் பூமிக்குள்ளேயிருந்து ஏறி வந்திருக்கிறார்கள், நாளைக்கு மறுபடி இறங்கவேண்டும், அவர்களிடம் போய்ப் பாறை சரிந்ததைச் சொல்லக்கூடாது என்று நாடகம் எழுதியவர்கள் செய்த ஏற்பாடு. அதற்குத் தோதாகப் பின்பாதியிலும் யாரும் தாமு செத்தான் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். 'தாமு இல்லாத குறை' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

பிரபா அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. படத்துல லேட்டா வர்றவங்க யாருமில்ல. அதுவுமில்லாம தாமு செத்தத இப்பத்தான் காட்டறோம். உடனே மெட்ராஸ் போயிட்டான்னு பாடினா, எடிட்டிங்ல மிஸ்டேக்குன்னு சிரிப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. பெரியம்மா யாரையும் பார்க்கவில்லை. பதினாறு பாட்டில் அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். அன்றைக்குக் காலையில் துணி துவைக்கும்போது அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார், நான் தண்ணீர் பைப்பை மூடி விளையாடியதைக்கூடக் கவனிக்காமல்.

"எல்லார் பாட்டையும் தள்ளிட்டு என் பாட்ட வெச்சிக்கினா நாளைக்கு நாலு பேர் பேசுவாங்க" என்றார். "வேணாம். எடுத்துடு. அந்த எடத்துல கல்யாணப் பாட்டு போடு."

உள் அறையில் தாத்தா இருமுவது கேட்டது. பெரியம்மா குரலை இறக்கிக்கொண்டார். "தாமு சாவறத நைனாகிட்ட யாரும் இப்பவே சொல்லாதீங்க. மொதப் பாதிய இப்பவாவது முழுசா பாக்கட்டும்னுதான் நான் இதுக்கு ஒத்துக்கினதே. ஆனா தாமு மெட்ராஸ் போயிட்டான்னுதான் அவர் நெனச்சிக்கினு இருக்கார்."

தங்கவயல் மேடுகளில் ஞாயிறு ஞாயிறாகப் படம் எடுத்தார்கள். முதல் வெட்டு ஒட்டு முடிந்ததும் பிரபா அண்ணன் லேப்டாப்பைத் தூக்கிவந்து எங்கள் டீவியில் மாட்டினார். கிருஷ்ணம்மாள் அத்தையும் வந்தார். தாத்தாவைச் சேரில் உட்காரவைத்தோம். பெரியம்மா உட்காரவில்லை. சமையலறை வாசற்படியில் நின்று ஒரே டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாறை சரிந்தது. தூசி அடங்கியது. வெள்ளைத் துணிக்கு வெளியே தாமுவின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அந்த பூட்ஸுக்குள் இருந்தது என் கால்தான். தாமுவாக நடித்த பையனுக்கு அன்றைக்குக் காய்ச்சல். பிணமாக நடிக்கும்போது கட்டைவிரலை ஆட்டி எல்லோரையும் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்திருந்தேன். துணி போர்த்தும் முன்பே பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்த விதத்தைப் பார்த்து ஆட்டவில்லை.

தாத்தா அசையாமல் பார்த்தார். திரையில் உடனே கல்யாணப் பந்தல் வந்தது.

"நிறுத்து" என்றார் தாத்தா.

பிரபா அண்ணன் நிறுத்தினார்.

"பாட்டு எங்க?"

"எந்தப் பாட்டு தாத்தா?"

"நாங்க வர்ற பாட்டு."

"அத எடுக்கல தாத்தா. நீங்க ஆரம்பத்துலேருந்தே பாத்துட்டீங்களே. கத சொல்லத் தேவையில்லையே."

"பாத்தேன்."

"தாமு செத்ததையும் பாத்தீங்க."

"அதையும் பாத்தேன்பா. ஆபரேஷன் பண்ண கண்ணு, நல்லாத்தான் தெரியுது. பாட்ட போடு."

பெரியம்மா டம்ளரோடு முன்னால் வந்தார். "நைனா, அந்தப் பாட்டுல அவன் மெட்ராஸ் போயிட்டான்னு வரும். இப்பப் போயி அத எப்பிடி..."

"அதத்தான் கேக்கறேன்."

பெரியம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் டம்ளரை டீவி மேஜைமேல் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கள் பத்துக்குப் பத்து ஹாலின் நடுவில் நின்று பாட ஆரம்பித்தார். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. மேல் ஸ்தாயியில் ஏற முடியாமல் ஓரிடத்தில் பேச்சாகவே சொல்லித் தாண்டினார். தாமு ரயிலேறிய வரி வந்தபோது கிருஷ்ணம்மாள் அத்தை தலையைக் குனிந்துகொண்டார். தாத்தா மட்டும் அந்த வரிக்குத் தலையாட்டினார், ஒரு நல்ல சேதியைக் கேட்பவர்போல.

பாட்டு முடிந்தது. நான்தான் கேட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா தாத்தா?"

"மொதப் பாதி பாக்கணும்னா ஷிப்டு மாத்திக்கினு எப்பவோ பாத்திருப்பேன்" என்றார். "எவ்ளோ பேர் மாத்திக்கோன்னு கேட்டாங்க. எம்பொண்ணு எனக்குக் கத சொல்றா, அத வுட்டுட்டு உங்களாட்டம் சீக்கிரம் வந்து குந்தறதா?" தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. எனக்கு ஒரு பன் வாங்கிட்டு வா என்றார்.

பெரியம்மா சமையலறைக்குள் போய்விட்டார். டீவி மேஜைமேல் டம்ளர் அங்கேயே இருந்தது.

கிருஷ்ணம்மாள் அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு மகனிடம் சொன்னார். "அந்தப் பாட்டு வந்தா பொம்பளைங்க யாரும் இடதுபக்கம் திரும்பவே மாட்டோம். எங்க மூஞ்சியப் பாத்தா அவருங்களுக்குத் தெரிஞ்சிடும். மைதானமே கம்முனு இருக்கும். ஒருதரம் நீதான், மூணு வயசு, அப்பாகிட்ட தாமு செத்துட்டான்னு சொல்ல வாயத் தொறந்த. வாய் நெறைய வேர்க்கடல அடைச்சேன்."

பிரபா அண்ணன் லேப்டாப்பை மூடினார். "நான் பாட்ட மட்டும் யோசிச்சேன்மா. கேக்கறவங்கள யோசிக்கல" என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினார். "ஆன்ட்டி, அந்த லேடீஸ எடுக்கணும். உங்க பாட்டு மேல அவங்க மூஞ்சி வரணும். எல்லாருக்கும் தெரியும், அந்தச் சாக்குல இருக்கறவங்களுக்கு மட்டும் தெரியாது. அப்ப யார் சிரிப்பாங்க?"

பெரியம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "அப்ப எத எடுப்ப?"

கல்யாணப் பாட்டு இல்லாமல் கல்யாணம் நடக்காது. மீதியில் நீளமானது மாப்பிள்ளை பாட்டுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

கிளெமென்ட் மாமாவிடம் சொல்லப் பெரியம்மாவே போனார். துணைக்கு நானும் ஒரு பிளம் கேக்கும். மாமா நாலு சரணத்தை ரெண்டாக்கினார், ரெண்டை ஒன்றாக்கினார், கடைசியில் ஹம்மிங்காவது வை என்றார். பெரியம்மா, "உன் பாட்டுல குறையே இல்லண்ணா. எடந்தான் இல்ல" என்றார். குறையே இல்லை என்று அவர் எதைப் பற்றியும் சொல்லி நான் கேட்டதில்லை. மாமாவும் கேட்டதில்லை போல. ஒரு துண்டு கேக்கை மெதுவாகச் சாப்பிட்டுவிட்டு, "செகண்ட் ஷிப்ட்ல வர்ற கும்பல்ல நானும் ஒருத்தனா வரட்டா? மேடைமேலயே நின்னுட்டேன், அந்தப் பாட்ட ஒருநாளும் எதிர்ல குந்தி கேட்டதில்ல" என்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடி தங்கவயலுக்குப் போனோம். பழைய மைதானத்தில் பாதி முள்செடி. மீதியில் சாக்கு விரித்தோம். பெண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். எப்படி நடிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெரியம்மா மேடை நடுவில் நின்றார். மாமாவும் இன்னும் சிலரும் ஹெல்மெட்டோடு இடதுபக்கமிருந்து வந்தார்கள். தாத்தாவும் வந்தார். பாதி தூரம் நடந்ததும் மூச்சு வாங்கியது. நான் போகப் பார்த்தேன், பிரபா அண்ணன் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

தாத்தாவுக்கு வசனம் கிடையாது. வந்து உட்கார்ந்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தோம். ஆனால் உட்காருவதற்கு முன் கிருஷ்ணம்மாள் அத்தையின் பக்கம் குனிந்து, "தாமு எங்கமா, காணோம்?" என்று கேட்டார்.

அத்தை திரும்பவில்லை. மேடையையே பார்த்தபடி சொன்னார். "மெட்ராஸ் போயிட்டாண்ணா. காலைலதான்."

"வேலைக்கா?"

"வேலைக்குத்தான்."

"இன்னா வேல?"

அத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "மண்ணுக்கு மேல வேலண்ணா" என்றார்.

"அப்ப சரி" என்று தாத்தா சாக்கில் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாடு என்பதுபோல மகளைப் பார்த்தார்.