அடுத்த வருஷம் வரும் மருந்து

முதலாளியை நினைத்தால் அவருடைய தராசுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. ஆரணியில் அவர் கடையின் பின்கட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசு. நெய்து முடித்த சேலையை அப்பா அதில் வைப்பார். கொடுத்தனுப்பிய பட்டும் ஜரிகையும் குறையாமல் சேலையாகத் திரும்பி வந்திருக்கிறதா என்று எடை பார்ப்பது வழக்கம். எண் நிற்பதற்கு மூச்சு விடும் நேரம்கூட ஆகாது. ஆனால் முதலாளி அந்த எண்ணைப் பார்க்கமாட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கைபேசியைப் பார்ப்பார். "வெளிநாட்டுல சக்கரைக்கு வாரத்துக்கு ஒரே ஊசி வந்துட்ச்சிப்பா. தெனம் மாத்திரை முழுங்கறதெல்லாம் இனிமே பேஜார் புடிச்ச வேலை" என்று ஆரம்பிப்பார். சேலை தராசிலேயே கிடக்கும். எங்கள் முள்ளிப்பட்டிலிருந்து வந்திருக்கும் நெசவாளர்கள் அவரவர் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு, கோயிலில் தீபாராதனைக்கு நிற்பதுபோல நிற்பார்கள். சனிக்கிழமைகளில் தெள்ளாரிலிருந்து வந்து அப்பாவை ஸ்கூட்டியில் அழைத்துப்போகும் நான் வாசற்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். தெள்ளார் பள்ளியில் நாற்பது பிள்ளைகளை அடக்கத் தெரிந்த எனக்கு அந்த ஒரு மனிதரை அடக்கத் தெரியவில்லை.

முதலாளிக்குச் சர்க்கரை உண்டு, ரத்தக் கொதிப்பும் உண்டு. ஊரில் பாதிப்பேருக்கு இருப்பதுதான். மற்றவர்கள் அதை ஒரு நோயாக வைத்திருந்தார்கள், இவர் ஒரு பட்டமாக வைத்திருந்தார். கையில் வட்டமாக ஒரு பில்லையை ஒட்டிக்கொண்டு, சட்டைக் கையை மடித்து விட்டு எல்லோருக்கும் காட்டுவார். அது சர்க்கரை அளவை நேரே கைபேசிக்கு அனுப்புமாம். "பாரு, ரெண்டு இட்லி துன்னேன், எப்பிடி ஏறுது பாரு" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி படித்துக் காட்டுவார். ஒரு மாதம் அரிசியே தொடமாட்டார். அடுத்த மாதம் பட்டினிதான் மருந்து என்பார். அதற்கடுத்த மாதம் ஏதோ விதைப்பொடி. எதைப் பற்றியும் தலைப்புக்குக் கீழே நாலு வரி படித்திருக்கமாட்டார். படிக்காதவர் என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரிக்குப் போனவர். கல்லூரிக்குப் போயும் ஒரு மனிதர் இவ்வளவு வெறுமையாக இருக்க முடியும் என்பதற்கு நான் பார்த்த நல்ல உதாரணம் அவர்தான்.

இதில் அப்பாவுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். எங்கள் வீட்டுத் தறி எங்களுடையது, அதில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூல் முதலாளியுடையது. ஒரு பாவு தீர்ந்தால் அடுத்த பாவு அவர் வாயிலிருந்து வரவேண்டும். பல தடவை பழைய டிசைன் பாவு கடையிலேயே சுருட்டிக் கிடக்கும், ஆனால் கொடுக்கமாட்டார். "புது டிசைன் வருதுப்பா. பழச ஏத்தி இன்னாத்துக்கு? கொஞ்சம் இரு" என்பார். அப்பா இருப்பார். தறி வெறுமனே கிடக்கும், அப்பா அதன் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவில் நடப்பார். சில சமயம் அந்தப் புது டிசைன் வந்து நல்ல கூலியும் கிடைத்திருக்கிறது. அதனால் காத்திருப்பது புத்திசாலித்தனம் என்று அவருக்கு ஊறிப்போய்விட்டது. முதலாளி இரு என்றால் அதில் ஒரு லாபம் இருக்கும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இந்த நம்பிக்கை இருந்தது.

அப்பாவுக்கும் சர்க்கரை. போன வருஷம் ஆடி மாதத்தில் இடது கண் மங்கலாகத் தெரிகிறது என்றார். நான்தான் வேலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தக்குழாய் கசிகிறது, மாதாமாதம் கண்ணில் ஊசி போட்டால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். அப்பா தலையாட்டினார். அடுத்த வாரம் முதல் ஊசி என்று நாளும் குறித்தாயிற்று. செலவு என்னுடையது என்று சொல்லிவிட்டேன், அதனால் பணத்தால் நின்ற காரியமும் அல்ல.

நின்றது தராசுக்கு முன்னால். நெசவாளிகள் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ, முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள். அப்பா கண்ணையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். சேலையைத் தராசில் வைத்துவிட்டு, "கண்ணுல ஊசி போடணும்னு சொல்றாங்க முதலாளி, அடுத்த வாரம் ஒரு நாள் லீவு வேணுங்க" என்றார். முதலாளி கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினார். "கண்ணுலயா? யார்பா அது சொன்னது. அதெல்லாம் பழைய வைத்தியம். அடுத்த வருஷம் சொட்டு மருந்தே வந்துகினு இருக்கு. காலைல ஒரு சொட்டு, ராத்திரி ஒரு சொட்டு, முட்ஞ்சிது. கொஞ்சம் இரு." நான் வாசற்படியை விட்டு உள்ளே போய், டாக்டர் சொன்னது வேறு என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சர் வேலை வேற, இது வேற பாப்பா" என்றார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஊசி போட்டால் கண் வெளியே வந்துவிடும் என்று அவர்களில் ஒருவர் தன் பங்குக்குச் சொல்லிவைத்தார். சேலை எடை சரியாக இருந்தது. அப்பா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். நான் கத்துவேன், அப்பா கேட்டுக்கொண்டிருப்பார், கடைசியில் "அவருக்குத் தெரியாததா" என்பார். அம்மா அழுதாள், சாப்பாடு போடமாட்டேன் என்றாள், பிறகு போட்டாள். முதலாளி மேல் எனக்கு இருந்த அருவருப்பில் ஒரு பங்கு அப்பாவுக்கும் போய்ச் சேர்ந்தது. பெற்ற தகப்பனை இப்படிச் சொல்கிறாளே என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். தன் கண்ணைப் பற்றிச் சேலை வியாபாரியிடம் உத்தரவு வாங்கிய மனிதரை நான் வேறெப்படி நினைப்பது. குறித்த நாள் போயிற்று. தீபாவளி போயிற்று. சொட்டு மருந்து பற்றி அப்பா மாதம் ஒரு முறை மரியாதையாக விசாரிப்பார். வருகிறது, வருகிறது என்பார் முதலாளி, பாவைப் பற்றிச் சொல்கிற அதே குரலில்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் தறியில் உட்கார்ந்திருந்த அப்பா, "இந்தப் பக்கம் லைட்ட ஏன் நிறுத்தன?" என்று அம்மாவைக் கேட்டாராம். அம்மா லைட்டை நிறுத்தவில்லை. வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தபோதுதான், இடது கண்ணில் கருப்பாக மை இறங்கியிருப்பது அவருக்குத் தெரிந்தது. உள்ளே ரத்தம் கசிந்து நிறைந்துவிட்டது. ஆபரேஷனும் செய்து பார்த்தார்கள். அந்தக் கண் திரும்பவில்லை. நானே கடைக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன், சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசைப்பட்டுத்தான் போனேன். "அடடா" என்றார். பிறகு கண்ணுக்குள் ஏதோ சிப் வைக்கிறார்கள் என்று ஒரு வீடியோவை எனக்கு அனுப்பிவைத்தார்.

வலது கண்ணிலும் கசிவு தொடங்கியிருந்தது. அதுவும் போனால் தறியும் இல்லை, அப்பா தானாக ஒரு வாய் காப்பி ஊற்றிக் குடிப்பதும் இல்லை. இந்த முறை நான் யாரையும் எதையும் சொல்ல விடவில்லை. பள்ளியில் லீவு போட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாக வேலூருக்கு ஊசி போட அழைத்துப்போனேன். காத்திருக்கும் கூடத்தில், கண்ணில் மருந்து விட்டு உட்காரவைத்திருந்த வரிசையில், பழக்கமான குரல் ஒன்று கேட்டது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், அடுத்த வருஷம் வரப்போகும் ஒரு மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அப்பா குரலை வைத்தே கண்டுபிடித்து எழுந்து நின்றார்.

"இன்னாப்பா, நீயும் இங்கதானா?" என்றார் முதலாளி, சந்தோஷமாக. "ஊசியா? பயப்படாத. எறும்பு கட்ச்சா மாரிதான் இருக்கும். நான் ரெண்டு வருஷத்துக்கு மேல போட்டுகினு வரேன், ரெண்டு கண்ணுக்கும். அதான் இப்பவும் ஜரிகையப் பாத்தாலே தரம் சொல்லிடறேன்."

இரண்டு வருஷம். என் அப்பாவை இரு என்று சொன்ன அந்த ஆடி மாதத்திலும் இவர் மாதாமாதம் இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார். வேண்டுமென்றே மறைத்தாரா என்று யோசித்துப் பார்த்தேன். அந்த அளவுக்குக்கூட அவர் மெனக்கெட்டிருக்கமாட்டார். என் அப்பாவுக்கு இருப்பதும் தனக்கு இருப்பதும் ஒரே மாதிரிக் கண் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை, அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்.

அப்பா உடனே நகரவில்லை. "எனக்கு ஒரு கண்ணுக்குப் போட்டா போதுங்க முதலாளி" என்றார்.

"அப்ப ஜல்தியா முட்ஞ்சிடும், போ" என்றார் முதலாளி.