இலைவெட்டித் தேனீக்கு ஒரு லென்ஸ்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு பல்கனிச் சுவரில் இருந்த பழைய ஏசியைக் கழற்றியபோது நான்கு ஆணித்துளைகள் மிஞ்சின. அவற்றில் ஒன்றில் ஒரு தேனீ குடிவந்தது. அம்மாவின் ரோசா இலைகளை வட்டம் வட்டமாக வெட்டி, சுருட்டி, துளைக்குள் கொண்டுபோனது. இலைவெட்டித் தேனீ. புதன்கிழமை புதிய ஏசி பூட்ட ஆள் வருவார். அதே துளைகளில்தான் தாங்கியை இறுக்குவார். அதற்கு முன் அந்தத் தேனீயைத் தெளிவாக ஒரு படமாவது எடுத்துவிடுவது என்று முடிவுசெய்தேன்.

கமரா இருந்தது. மக்ரோ லென்ஸ் இல்லை. நான் மின்னணுப் பொறியியல் படித்தவள். அட்டவணை போடாமல் எதையும் வாங்கமாட்டேன். கூர்மை, எடை, எவ்வளவு கிட்ட வைத்துக் குவிக்கலாம் என்ற தூரம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டதில் அறுபது மில்லிமீற்றர் லென்ஸ் முதலாவதாக வந்தது. நூறு மில்லிமீற்றர், பாரம் கூட என்பதால் இரண்டாவது. இரண்டையும் கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாணப் படப்பிடிப்பாளர் விற்க வைத்திருந்தார். கொழும்பில் மக்ரோ லென்ஸ்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களின் பைகளில்தான் இருக்கின்றன. தாலி, மோதிரம், கூறைச்சேலைக் கரை எடுப்பதற்கு.

ஞாயிற்றுக்கிழமை போனேன். தன் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்து இரண்டு லென்ஸாலும் படமெடுத்துக் காட்டினார். அறுபதுதான் ஒரு மயிரிழை கூடக் கூர்மை.

"பாத்தீங்களா தங்கச்சி, உள்ளுக்கு வெட்டின எழுத்தையும் வாசிக்கலாம்."

"மோதிரம் பறக்காதே அண்ணா. உங்களிட்டப் பூச்சி ஏதும் இருக்கா?"

அவர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இஞ்ச, எங்கட வீட்டில பூச்சி இருக்கா எண்டு கேக்கிறா!"

"குசினிக்கு வரச் சொல்லுங்கோ, கரப்பான் காட்டுறன்," என்று பதில் வந்தது.

வாசல் தொட்டியில் செவ்வரத்தை பூத்திருந்தது, இதழில் எறும்புகள். அறுபதைப் பூட்டிக் குனிந்தேன். எறும்பு பெரிதாகத் தெரிவதற்கு லென்ஸின் முகத்தைப் பூவுக்கு நாலு விரல் தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. என் நிழலே பூவை மூடியது. எறும்புகள் இதழின் அடியில் ஓடி ஒளிந்தன. நூறைப் பூட்டினால் ஒரு சாண் தள்ளி நின்றே அதே அளவு பெரிதாகத் தெரிந்தது. பூவில் வெயில் அப்படியே இருந்தது. எறும்புகள் தங்கள் பாட்டில் திரிந்தன.

என் பிழை அப்போதுதான் புரிந்தது. அந்தக் கிட்டிய தூரத்தை லென்ஸின் முகத்திலிருந்து அளப்பதாக எண்ணிப் புள்ளி போட்டிருந்தேன். அதை அளப்பது கமராவுக்குள் இருக்கும் உணரியிலிருந்து. நடுவில் லென்ஸின் நீளம் முழுவதும் போய்விடும். முதலாவதாக வந்த அறுபதை அட்டவணையில் வெட்டிவிட்டு நூறைக் கேட்டேன்.

"மோதிரம் எடுக்க இந்த நூறு பாரம் கூட, தங்கச்சி."

"எனக்கு மோதிரம் வேண்டாம் அண்ணா."

"இதைப் போய் அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ," என்று சிரித்தார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகுமுன் எடுத்த படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. கடற்காற்றில் நானும் ஆடினேன், தேனீயின் பின்னாலும் அலைந்தேன். செவ்வாய் அரைநாள் லீவு போட்டேன். கதிரையின் முதுகில் முழங்கைகளை ஊன்றி, துளையின் விளிம்பில் குவியத்தை நிறுத்தி, அதைத் தொடாமல் காத்திருந்தேன். தேனீ தானாக அந்த இடத்துக்கு வந்தது.

கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணும் மயிரும் துல்லியம். ஆனால் நான் பார்த்தது துளையைத்தான். இலைத்துண்டுகள் வாய்வரை அடுக்கியிருந்தன. தேனீ துளையை மூடிக்கொண்டிருந்தது. உள்ளே முட்டைகளும் தீனியும் வைத்தாயிற்று என்று அர்த்தம்.

"படம் எடுத்தாச்சுத்தானே? நாளைக்கு ஏசிக்காரர் பூட்டட்டும்," என்றார் அம்மா.

"இல்லை அம்மா. உள்ளுக்கு முட்டை இருக்கு. தள்ளிப் பூட்டுவம்."

"என்ர ரோசாவை அரிஞ்சது காணாதெண்டு இப்ப சுவரும் வேணுமாமோ அதுக்கு? அந்த மனுசன் சண்டைக்கு வரும்."

"வரட்டும்."

அளவுநாடாவையும் மட்டக்கோலையும் எடுத்து, முப்பது சென்ரிமீற்றர் தள்ளி நான்கு புள்ளிகளைப் பென்சிலால் குறித்தேன்.

புதன் காலை வந்தவர், நல்ல துளைகள் இருக்கும்போது எதற்குப் புதிது என்று சிங்களத்தில் கேட்டார். நான் படத்தைக் காட்டினேன். இன்னும் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு தன் மட்டக்கோலை என் குறிகளில் வைத்து, வலது பக்கம் இரண்டு மில்லிமீற்றர் தாழ்ந்திருக்கிறது என்று திருத்திவிட்டு, அங்கே துளைக்கத் தொடங்கினார்.