ஏர் ஃபில்டர் மேல் இருந்த சாமந்தி

மருமகன் காரில் ஒரு மஞ்சள் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. புகைக் குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் என்று ஒன்று இருக்கிறதாம். இன்ஜினுக்குப் போகிற காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் போகிறதா என்று மோப்பம் பிடிப்பது அதன் வேலையாம். இப்போது அதுவே கெட்டுவிட்டது. எண்பதுகளில் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகைக்கு நின்ற எங்கள் பழைய கறுப்புக் காரில் அப்படியெல்லாம் எதுவும் கிடையாது. என் வீட்டுக்காரரின் கண்ணும் மூக்கும்தான் சென்சார். அதுவும் ஒரு தடவை ஏமாந்தது.

கார் வாங்குவதற்கு முன்னால் அவர் வடநாட்டு லாரியில் இருந்தார். போனால் மாதக் கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது. ஒரு தடவை தாடியோடு வந்து வாசலில் நின்றபோது எங்கள் பெண் சமையல்கட்டுக்கு ஓடி வந்து, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றாள். அவரும் சேர்ந்து சிரித்தார். ராத்திரி அவருக்குச் சோறு மட்டும் இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் கார் வந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த மறுநாளே கார் கரும்புகை கக்க ஆரம்பித்தது. சேலத்துக்குச் சவாரி ஏற்றிப்போன அன்றைக்குத் தொப்பூர் கணவாயில் இருமி இருமி நின்றுவிட்டது. வந்தவர்கள் இறங்கி பஸ் பிடித்துப் போனார்கள். இந்த மாதிரிச் சேதி ஸ்டாண்டில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அப்புறம் எங்கள் காரை யாரும் கூப்பிடவில்லை. பழைய லாரி முதலாளி, வெள்ளிக்கிழமை வண்டி கிளம்புகிறது, வருகிறாயா என்று ஆள்விட்டுக் கேட்டார். வெள்ளிக்கிழமை காலையில் சொல்கிறேன் என்று அனுப்பினார் இவர். ஆனால் பரண்மேல் இருந்த லாரிக் கம்பளியை எடுத்து மூலையில் வைத்தார். நான் அந்த மூலையைப் பெருக்குவதையே விட்டுவிட்டேன்.

ஆனாலும் அந்த மனுஷன் வேலை செய்த அழகைச் சொல்ல வேண்டும். பதற்றம் என்பதே கிடையாது. முதலில் பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நுனி செங்கல் நிறத்தில் இருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் காற்று அதிகம், கரி அப்பியிருந்தால் காற்று போதவில்லை என்பார். எங்கள் பிளக் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. காற்றும் பெட்ரோலும் கலக்கிற கார்பரேட்டரையே மாற்றிவிடு என்றார்கள் கூட நின்ற டிரைவர்கள். "என்ன கெட்டுதுன்னு தெரியாம எதை மாத்தறது?" என்றார் இவர். கார்பரேட்டரைப் பிரித்து ஊதிச் சுத்தம் செய்வார், பூட்டுவார், அதியமான்கோட்டை வரை ஓட்டிப் பார்ப்பார். அடுத்த நாள் வேறொன்று. ஒரே நேரத்தில் இரண்டைத் தொடமாட்டார். தொட்டால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடுமாம். எனக்கு அந்தப் பொறுமையில் கால்வாசிகூடக் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், வாசலில் பிரித்துப்போட்டு ஸ்டார்ட் செய்தால் கார் சமர்த்தாக ஓடும். ரோட்டுக்குப் போனதும் புகை. வியாழக்கிழமை சாயங்காலமும் அப்படியே கரும்புகையோடு திரும்பி வந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, இங்க நல்லா இருக்கற வண்டி ரோட்டுக்குப் போனா மட்டும் ஏனுங்க இருமுது? நடுவுல என்னதான் பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ல புள்ள. ஏர் ஃபில்டரைத் தூக்கி மேல வெச்சு மாட்டறேன், போறேன்."

சொல்லிக்கொண்டே பானெட்டைத் திறந்தவர் உள்ளேயே பார்த்தார். நானும் அவர் பார்த்த இடத்தைப் பார்த்தேன்.

ஏர் ஃபில்டர் மேல் ஆயுத பூஜைக்குச் சுற்றிய சாமந்திச் சரம் காய்ந்து கிடந்தது. பூஜைக்குப் போட்ட பூவை நாமாக எடுக்கக்கூடாது, தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவது எங்கள் ஸ்டாண்டு வழக்கம். அதனால் இத்தனை நாளும் அந்த ஃபில்டரைச் சாமி தட்டைத் தூக்குகிற மாதிரி பூ கலையாமல் தூக்கி ஓரமாக வைத்து, வேலை முடிந்ததும் அப்படியே மாட்டியிருக்கிறார். இப்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு சரத்தை விலக்கினார். காற்று போகிற வாய்க்குள் விரலை விட்டு இழுத்தார். என் பழைய ஊதாச் சேலைக் கிழிசல் வந்தது.

பூஜைக்கு முன்னால் இன்ஜினைக் கழுவும்போது தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க அவரே அடைத்த துணி. எடுக்க மறந்து, மேலே சந்தனம் குங்குமம் வைத்துப் பூவும் சுற்றியாயிற்று. வாசலில் ஃபில்டரைக் கழற்றி வைத்தபோது தாராளமாகக் காற்று போயிருக்கிறது; மாட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போனால் ஓரத்தில் கிடைத்த சந்தில்தான் கார் பாவம் மூச்சு விட்டிருக்கிறது.

என்னையும் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு அப்போதே கிளம்பினார். தொப்பூர் கணவாயில் இறங்கித் திரும்பி ஏறினோம். நான் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். புகை இல்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

வேறு ஆளாக இருந்தால் அந்தத் துணியை யார் கண்ணிலும் படாமல் எறிந்திருப்பார். இவர் மறுநாள் காலையில் அதை ஸ்டாண்டுக்கே எடுத்துப்போய், "பாருங்கப்பா என் லட்சணத்தை" என்று எல்லாரிடமும் காட்டியிருக்கிறார். அந்த மனசுக்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அங்கே எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரிப்பாய்ச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் பெண் சமையல்கட்டுக்கு ஓடி வந்தாள்.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க."

லாரி முதலாளி அனுப்பிய ஆள் வாசலில் நின்றிருந்தார்.

"அவரு வரமாட்டாருங்க" என்றேன். அவரைக் கேட்டுக்கொண்டெல்லாம் சொல்லவில்லை.