சிறுமலை ரிப்போர்ட்

என் அம்மா நர்ஸ். அதனால் எங்கள் வீட்டில் யாரும் எதையும் சும்மா சொல்லிவிட முடியாது, ரிப்போர்ட்தான் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் டூட்டி மாறும்போது, போகிற நர்ஸ் வருகிற நர்ஸிடம் கட்டில் கட்டிலாக நின்று, இவருக்குக் காய்ச்சல் எவ்வளவு, அவர் கஞ்சி குடித்தாரா, மூன்றாம் கட்டில்காரர் யாரைத் திட்டினார் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டுமாம். அம்மா அந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். சாயங்காலம் முகம் கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள் என்றால் முதலில் அப்பா சொல்ல வேண்டும், பிறகு தம்பி, கடைசியில் நான். அப்பாவின் ரிப்போர்ட்டில் பாதி இருக்காது. தம்பிக்கு ஆறு வயது. அவன் ரிப்போர்ட்டில் இல்லாத யானையெல்லாம் வரும். ஆகவே அம்மா நம்பியது என்னைத்தான். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் அம்மாவுக்கு மஸ்கட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. ஆபரேஷன் தியேட்டர் வேலை. படிக்கிற காலத்திலிருந்தே அவள் ஆசைப்பட்டது அதற்குத்தான். வருடக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தியது அப்பாதான். அவர் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றுதான் சொன்னார். ஆனால் எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக அவர் சமாளிப்பாரா என்பது அம்மாவுக்குச் சந்தேகம். சமாளித்துக் காட்டினால் போவது, இல்லையென்றால் விட்டுவிடுவது என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள். எங்களிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஜூலை மாதத்திலிருந்து எங்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்பதுதான். அதுவரை நாங்கள் வெளியே போனதென்றால் கல்யாணத்துக்கு, இல்லாவிட்டால் கோவில் திருவிழாவுக்கு. இப்போது மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மாவுக்கு அன்றைக்கென்று பார்த்து டூட்டி இருக்கும். ஏன் நீ வருவதேயில்லை என்று கேட்டால், "ஒங்கப்பாதேன் வாராருல்ல, அது போதாதா?" என்பாள்.

அப்பா ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். பள்ளிக்கூடத்துக்கே டைம் டேபிள் போடுகிறவர் அவர்தான். எங்கள் பயணத்துக்கும் போட்டார். முதலில் எங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் போனபோது ஏறுவதற்கு ஒரு பீரியட், பீரங்கி பார்க்க ஒரு பீரியட், நடுவில் பத்து நிமிடம் இன்டர்வெல். எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார், தண்ணீர் பாட்டிலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டார். உச்சி வெயிலில் அந்தப் பாறையில் ஏறிய எங்களுக்கு நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் நான் அதை அப்படியே ரிப்போர்ட்டில் கொடுத்தேன். அடுத்த மாதம் ஆத்தூர் அணைக்குப் போனோம். செம்பட்டியில் பஸ் மாற இறங்கியபோது அப்பா தம்பியைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டார். கண்டக்டர் விசில் அடித்து நிறுத்தி, பார்சலை இறக்குவதுபோல் அவனை இறக்கிவிட்டார். அதையும் சொன்னேன், விசில் எத்தனை தடவை என்பது உட்பட. அப்பா என்னைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த மாதம் பயணமே இல்லை. அதற்கும் அடுத்த மாதமும் இல்லை. நான் மண்டைக் கனம் பிடித்தவள் என்றாலும் மண்டு இல்லை. ரிப்போர்ட் கெட்டால் பயணம் கெடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். நவம்பரில் எப்படியோ அம்மாவைச் சம்மதிக்க வைத்து, சிறுமலைக்குப் போகலாம் என்றார் அப்பா. "இது மட்டும் நல்லபடியா முடிஞ்சா டிசம்பர்ல கொடைக்கானல். போட்ல போவோம்," என்றார். படகு என்றதும் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இந்த முறை அப்பா எதையும் மறக்கவில்லை. இரண்டு பாட்டில் தண்ணீர், எலுமிச்சம்பழச் சோறு, துண்டு, தம்பி வாந்தி எடுக்க ஒரு பை. மழைக்காலம், அட்டைப்பூச்சி இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பொட்டலம் உப்பும் எடுத்துக்கொண்டார். மலைப்பாதையில் பதினெட்டு வளைவு. தம்பி ஏழாவது வளைவிலேயே பையைக் கேட்டான். மேலே பனி இறங்கி, வாழைத்தோட்டங்களெல்லாம் நனைந்து நின்றன. மிளகுக்கொடி எப்படி மரத்தைப் பிடித்து ஏறுகிறது என்று அப்பா காட்டினார். வழியில் ஒரு பெண் கொய்யா விற்றாள். அட்டைக்குக் கொண்டுவந்த உப்பைத் தொட்டுத் தொட்டு அத்தனை கொய்யாவையும் தின்று தீர்த்தோம்.

திரும்பி பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கும்போதுதான் தம்பி, "அப்பா, என் கால்ல நூலு," என்றான். கெண்டைக்காலில் கறுப்பாக ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் அலறியடித்துப் பிடுங்கியிருப்பார், அல்லது யாரிடமாவது ஓடிப்போய்ச் சுண்ணாம்பு கேட்டிருப்பார். என் அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"பிடுங்கக் கூடாது. வயிறு நெறஞ்சா தானா விழுந்துரும். பாப்பமா?"

தம்பியை ஒரு கல்லின் மேல் உட்கார வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்து நேரம் பார்க்கச் சொன்னார். மூன்று பேரும் ஒரு காலைச் சுற்றித் தலையைக் கவிழ்த்துக்கொண்டோம். அட்டைக்கு இரண்டு முனையிலும் வாய் போல ஒட்டுவது இருக்கிறது, ஒன்றுதான் குடிக்கும், மற்றது பிடித்துக்கொள்ளும் என்றார். ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, வலி தெரியாமல் இருக்க ஒன்று என்று அது மருந்துகளைக் கலந்துவிடுமாம். நூலாக இருந்தது பென்சில் பருமனாயிற்று. பிறகு திராட்சைப்பழம் போல உருண்டது. தம்பி, "இன்னும் குடி, இன்னும் குடி," என்று அதற்கு உற்சாகம் கொடுத்தான். உண்மையைச் சொன்னால், என் பள்ளி வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எந்தப் பாடத்தையும் கவனித்ததில்லை. முப்பத்திரண்டாவது நிமிடத்தில் அது பொத்தென்று விழுந்தது. நாங்கள் கைதட்டினோம். அதே நேரம் வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கீழே போயிற்று.

அடுத்த பஸ் எப்போது என்று டைம் டேபிள் வாத்தியாருக்குத் தெரியவில்லை. அட்டை விழுந்த இடத்திலிருந்து ரத்தம் நிற்கவும் இல்லை. கைக்குட்டையை வைத்து இறுகக் கட்டினார், கைக்குட்டை நனைந்தது. துண்டைக் கிழித்துக் கட்டினார், அதுவும் நனைந்தது. அப்பா ரோட்டின் நடுவே போய் நின்று கை காட்டினார். வாழைத்தார் ஏற்றி வந்த வேன்காரர் நிறுத்தி எங்களை ஏற்றிக்கொண்டார்.

"ஏலே அப்பு, கால்ல என்ன இம்புட்டு ரத்தம்?" என்றவர், விஷயம் தெரிந்ததும் அப்பாவிடம், "கொஞ்சூண்டு சுண்ணாம்பு வச்சிருந்தா விழுந்திருக்குமே சார்?" என்றார்.

"அது தானா விழுற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தோம்," என்றார் அப்பா.

"பாத்துக்கிட்டா?" என்று கேட்ட வேன்காரர், திண்டுக்கல் வரும்வரை வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் தார்களுக்கு நடுவே தம்பியிடம் குசுகுசுத்தேன். "அட்டையப் பத்தி அம்மாட்ட மூச்சு விட்ட, கொடைக்கானலும் கெடையாது, போட்டும் கெடையாது." கட்டின் மேலே சாக்ஸை முட்டிவரை இழுத்துவிட்டேன்.

வீடு வந்தபோது ஏழு மணி. அம்மா நாற்காலியில் காத்திருந்தாள். அப்பா, "பஸ்ஸு லேட்டு," என்று சொல்லி வாழைப்பழச் சீப்பை மேசைமேல் வைத்தார். தம்பி காட்டெருமை பார்த்ததாகச் சொன்னான், ஐந்து என்றான், பிறகு ஏழாக்கினான். அட்டையைச் சொல்லவில்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு. என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலம்மா. பஸ்ஸுதான் லேட்டு. அப்பா எல்லாத்தையும் நல்லாப் பாத்துக்கிட்டாரு."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் வெந்நீர் வைத்து எடுத்துவந்தாள். தம்பியைத் தரையில் உட்கார வைத்து, சாக்ஸைக் கழற்றி, கட்டை அவிழ்த்துக் காலைக் கழுவினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளாக நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது இடி விழும் என்று அப்பாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். "இல்லம்மா, கிச்சுகிச்சு," என்றான் தம்பி. பிளாஸ்திரி ஒட்டினாள். கை கழுவினாள். பீரோவைத் திறந்து ஏதோ காகிதங்களை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டாள். அப்பா சமையலறைக்குள் போய்விட்டார். அடி விழவில்லை என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

டிசம்பரில் கொடைக்கானல் போனோம், அம்மாவும் வந்தாள். படகில் எங்கள் இருவரையும் இரண்டு பக்கமும் இறுக்கி அணைத்துக்கொண்டு, ஏரியையே பார்க்காமல் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். இவ்வளவு தூரம் வந்து இப்படிச் செய்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பொங்கலுக்குப் பிறகு அவள் மஸ்கட் போய்விட்டாள். அப்பா பின்னிவிட்ட கோணல் சடையோடு பள்ளிக்கூடம் போன முதல் நாள், கழிவறையில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். அப்பாவும் அம்மாவும் பேசிவைத்துக்கொண்டது அதற்குள் என் காதுக்கும் வந்திருந்தது, நான் பொய் சொன்னதால்தான் அம்மா போனாள் என்று தோன்றியது. உண்மையைச் சொல்லியிருந்தால் இருந்திருப்பாள். போனில் பேசும்போதெல்லாம் இதைச் சொல்லத் தொடங்கிவிட்டுப் பரீட்சை மார்க்கைச் சொல்வேன்.

இரண்டு வருடம் என்று சொல்லிப் போனது ஆறு வருடமானது. அவள் திரும்பி வந்து இங்கேயே வேலை பார்க்கத் தொடங்கிச் சில வருடம் கழித்து, நான் கல்லூரி முடித்த வருடம், ஒருநாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேவிட்டேன். நான் சொன்ன பொய்யை நம்பித்தானே போனாய் என்றேன்.

அம்மா சிரித்தாள். "அட்டைக்கடி தெரியாத நர்ஸா நானு? அவென் வாசல்ல நடந்து வரையிலயே தெரிஞ்சுபோச்சு."

"பின்னே ஏன் போன?"

"அதுவரைக்கும் ஒங்கப்பாவ நீ காட்டிக்குடுக்காத நாளே இல்ல. அன்னைக்குத்தேன் மொதத் தடவையா அவருக்காகப் பொய் சொன்ன. இனி இதுக மூணும் ஒண்ணுக்கொண்ணு பாத்துக்கிரும்னு தைரியம் வந்துச்சு. போனேன்."

அவள் மறுபடி வெண்டைக்காயை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு நான் அப்பாவுக்காகப் பொய் சொல்லவேயில்லை. எனக்குப் படகில் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன், சொல்லாமல் விட்டுவிட்டேன்.